வேர்டு ஆவணத்தில் சொல் விளக்கம்: ஸ்கிரீன்டிப்பா, அடிக்குறிப்பா?

பத்திரப்பதிவு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக வேர்டில் ஒரு கையேடு தயாரித்தேன். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, செட்டில்மெண்ட், நத்தம் என்று வரிக்கு வரி விளக்கம் கேட்கும் சொற்கள். விளக்கத்தை வரிக்குள்ளேயே எழுதினால் வாசிப்பு தடைபடுகிறது. கடைசிப் பக்கத்தில் அகராதியாகத் தொகுத்தால் யாரும் அதுவரை போவதில்லை. மவுஸைக் கொண்டுபோய் நிறுத்தினால் சிறு பெட்டியில் விளக்கம் தோன்ற வேண்டும், நகர்த்தினால் மறைய வேண்டும். இதற்கு வேர்டில் பல வழிகள் உண்டு. நான் தேர்ந்தெடுத்தது அடிக்குறிப்பு.

பலரும் முதலில் பரிந்துரைப்பது ஸ்கிரீன்டிப், அதாவது லிங்க்கின்மேல் மவுஸை நிறுத்தும்போது தோன்றும் சிறு குறிப்பு. சொல்லைத் தேர்வு செய்து அதற்கு ஒரு புக்மார்க் (அந்த இடத்துக்கு நாம் சூட்டும் அடையாளப் பெயர்) வைக்க வேண்டும்; புக்மார்க்கின் பெயர் எழுத்தில் தொடங்க வேண்டும், இடைவெளி கூடாது. பிறகு கண்ட்ரோல்+கே அழுத்தி, அதே புக்மார்க்குக்கே லிங்க் கொடுத்து, ஸ்கிரீன்டிப் பட்டனில் விளக்கத்தை எழுத வேண்டும். சொல் தன்னையே சுட்டுவதால், யாராவது கிளிக் செய்தாலும் வேறெங்கும் போய்விட மாட்டார்கள். நீல நிறத்தையும் அடிக்கோட்டையும் நீக்கிவிடலாம். பக்கத்தில் எண் இல்லை, கோடு இல்லை. பார்வைக்கு இதுவே அழகானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் நம் விளக்கத்துக்குக் கீழே, லிங்க்கைத் திறக்க கண்ட்ரோலோடு கிளிக் செய்யச் சொல்லும் ஆங்கில வரியும் சேர்ந்தே வருகிறது. நீளத்துக்கும் வரம்பு உண்டு. ஏறத்தாழ 250 குறிகள்தான். தமிழில் இது இன்னும் சுருங்கிவிடும். 'மருத்துவமனை' நம் கணக்கில் 7 எழுத்து; புள்ளியையும் துணைக்குறிகளையும் கணினி தனித்தனியாக எண்ணுவதால் அதன் கணக்கில் 11. வில்லங்கச் சான்றில் எந்தெந்தப் பரிவர்த்தனைகள் இடம்பெறும் என்று சொல்லத் தொடங்கும்போதே இடம் தீர்ந்துவிடுகிறது.

கமென்ட் என்பது திருத்துபவர்களுக்கான வசதி. இறுதிப் பிரதியில் எல்லா கமென்ட்டுகளையும் ஒரே சொடுக்கில் நீக்குவது வழக்கம். விளக்கங்களும் அவற்றோடு போய்விடும். ஆட்டோடெக்ஸ்ட்லிஸ்ட் என்ற ஃபீல்டிலும் (வேர்டு ஆவணத்துக்குள் மறைவாக எழுதும் குறியீடு) மவுஸ் குறிப்பு வைக்கலாம். ஆனால் ஃபீல்டு குறியீடு எழுதத் தெரிந்தவர் அலுவலகத்தில் ஒருவராவது தொடர்ந்து இருக்க வேண்டும்.

அடிக்குறிப்பும் மவுஸுக்கு விளக்கம் காட்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப் அழுத்தி, பக்கத்தின் அடியில் விளக்கத்தை எழுதினால் போதும். மேலே உள்ள சிறு எண்ணின்மேல் மவுஸை நிறுத்தினால் அதே வாசகம் பெட்டியில் தோன்றும். லிப்ரேஆபிஸ் ரைட்டரிலும் இது நடக்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. 2023-இல் தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கான பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமானது. பதிவுக்காக அரசு நிலத்துக்கு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பும் மாறியது. இதுபோன்ற மாற்றங்கள் இனியும் வரும். ஸ்கிரீன்டிப்பில் எழுதிய வாசகம் லிங்க்கின் ஃபீல்டு குறியீட்டுக்குள் ஒளிந்திருக்கும். சாதாரணத் தேடலில் '4 சதவீதம்' என்று தட்டினால் அது அகப்படாது. எழுத்துப்பிழைத் திருத்தியும் அதைத் தொடாது. ஆல்ட்+எஃப்9 அழுத்தி எல்லாக் குறியீடுகளையும் வெளிப்படுத்திவிட்டால் தேடலாம், மாற்றலாம். ஆனால் அந்த விசையைத் தெரியாத ஒருவர் கையில் கோப்பு போனால், பழைய கட்டணம் யார் கண்ணிலும் படாமல் உள்ளேயே தங்கிவிடும். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை அதை நம்பிக் கட்சிக்காரரிடம் தொகை சொல்வார். கட்டண விவகாரத்தில் இது சின்னத் தவறு அல்ல.

அடிக்குறிப்பில் எல்லாம் வெளிப்படையாக இருக்கிறது. டிராஃப்ட் பார்வைக்குப் போய்க் குறிப்புகளைத் திறந்தால் மொத்தமும் ஒரே இடத்தில் வரிசையாகத் தெரியும். அச்செடுத்து அனுபவசாலி ஒருவரிடம் கொடுத்தால் சிவப்பு மையால் திருத்தித் தந்துவிடுவார். ஸ்கிரீன்டிப்பில் இருப்பது அச்சில் வராது என்பதால் அவருக்குத் திருத்த எதுவுமே இருக்காது. பத்தியை வெட்டி வேறு இடத்தில் ஒட்டினாலும் குறிப்பு கூடவே போகும், எண்கள் தாமாகவே மாறிக்கொள்ளும். செல்போனில் கோப்பைத் திறப்பவர்களுக்கு மவுஸே கிடையாது. அவர்களுக்கும் அடிக்குறிப்பின் வாசகம் ஆவணத்திலேயே இருக்கிறது.

குறைகளும் உண்டு. மவுஸை அந்தச் சொல்லின்மேல் வைத்தால் போதாது, பொடி எண்ணின்மேல் வைக்க வேண்டும். ஒரே சொல் பத்து இடத்தில் வந்தால், முதல் குறிப்பைச் சுட்டும் கிராஸ்-ரெஃபரன்ஸ் போடலாம். ஆனால் அதன்மேல் மவுஸை நிறுத்தினால் விளக்கம் தோன்றாது, கிளிக் செய்யச் சொல்லும் வரிதான் வரும். அதனால் ஒவ்வோர் அத்தியாயத்திலும் சொல் முதலில் வரும் இடத்தில் மட்டும் குறிப்பு வைத்தேன். பக்கத்துக்கு நான்கைந்துக்கு மேல் குறிப்புகள் சேர்ந்தால் அடிப்பகுதி கனத்துவிடுகிறது. என் கையேடு சிறியது. பல நூறு பக்க நூலில் இது எவ்வளவு தாங்கும் என்று அனுபவத்தில் சொல்ல என்னால் இயலாது. திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்றவர்களுக்கு எது வசதி என்பதையும் அவர்களோடு உட்கார்ந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.

ஒரே ஓர் இடத்தில் ஸ்கிரீன்டிப்பையே வைத்திருக்கிறேன். கணினியில் மட்டும் நிரப்பப்படும் விண்ணப்ப மாதிரி அது. 'புல எண்', 'உட்பிரிவு' ஆகியவற்றுக்கு ஒற்றை வரி விளக்கம் போதும், அது அச்சில் வரவும் கூடாது. எந்த வழியைப் பின்பற்றினாலும், பெட்டி தோன்றவில்லை என்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், டிஸ்பிளே என்று போய், மவுஸை நிறுத்தும்போது டூல்டிப் காட்டும் தேர்வில் டிக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.