நெர்ஹாவா, ரோண்டாவா, மலகாவா: தெற்கு ஸ்பெயினில் எங்கே தங்கலாம்?

ஆண்டலூசியாவுக்குக் கிளம்புகிற எல்லோருக்கும் ஆசை ஒன்றுதான். கடலும் வேண்டும், மலைச்சரிவில் சுண்ணாம்பு பூசி நிற்கும் வெள்ளை ஊர்களும் வேண்டும். ஆனால் தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரே ஊரில் இறங்கி, அங்கிருந்தபடியே சுற்றிப் பார்க்க வேண்டும். நாங்களும் இப்படித்தான் தேடினோம். தேடல் கடைசியில் மூன்று ஊர்களில் வந்து நின்றது: மலகா, ரோண்டா, நெர்ஹா. நாங்கள் தங்கியது நெர்ஹாவில். இன்னொரு முறை போனாலும் அங்கேதான் தங்குவேன். இதைப் படிக்கும்போது என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்த விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றும் மலகா மாகாணத்து ஊர்கள்தான். விமானம் இறங்குவது மலகாவில். அங்கிருந்து கிழக்கே, கடலோரமாகவே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் நெர்ஹா. மேற்கே மலைக்குள் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போனால் ரோண்டா. மூன்று இடத்திலும் எல்லா விலையிலும் அறைகள் உண்டு. ஆகஸ்டில் கடலோரத்தில் எல்லாமே விலை ஏறும். சாப்பாட்டுக்கு எங்கேயும் குறையில்லை.

தங்கும் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் வரைபடத்தை விரித்துத் தூரத்தைத்தான் பார்க்கிறோம். அதைவிட முக்கியமாக ஒன்று இருக்கிறது. அந்த மலை ஊரில் நாம் எந்த நேரத்தில் இருக்கப் போகிறோம்? காலையிலா, உச்சி வெயிலிலா, சாயங்காலத்திலா? என்னைக் கேட்டால் மற்ற எல்லாக் கணக்கும் இதற்குப் பிறகுதான்.

காரணம் ஸ்பெயினின் கடிகாரம். மலகா இருப்பது லண்டனுக்கும் மேற்கே. ஆனால் 1940 முதல் ஸ்பெயினின் கடிகாரம் ஜெர்மனியின் நேரத்தைக் காட்டுகிறது. கோடையில் இன்னொரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறார்கள். ஆக, ஜூன் மாதம் மலகாவில் சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் 2 மணிக்கு மேல்தான். மறைவது இரவு 9.30-க்கும் மேல். அங்கே மதியச் சாப்பாடு 2 மணிக்கு, இரவுச் சாப்பாடு 9 மணிக்கு என்று கேட்டு நாம் வியக்கிறோம். சூரியனை வைத்துப் பார்த்தால் அவர்கள் சரியான நேரத்தில்தான் சாப்பிடுகிறார்கள்.

இதை ஒருநாள் பயணத்தின் மேல் பொருத்திப் பாருங்கள். காலைச் சிற்றுண்டி முடித்து மலகாவிலிருந்து 9, 10 மணிக்குக் கிளம்பினால் மலை ஊருக்குப் போய்ச் சேர 12 ஆகிவிடும். அதே நேரத்துக்குத்தான் சுற்றுலாப் பேருந்துகளும் வந்து நிற்கும். ஒரு மணி நேரம் கூட்டத்தோடு கூட்டமாகச் சந்துகளில் ஏறி இறங்கலாம். 2 மணி ஆனதும் கடைகள் கதவைச் சாத்தும். சுண்ணாம்புச் சுவர்கள் வெயிலைத் திருப்பி அடிக்கும், கண் கூசும். ஊர்க்காரர்கள் ஒருவர்கூட வெளியே இருக்க மாட்டார்கள். எங்காவது குடை நிழலில் உட்கார்ந்துவிட்டு 5 மணி வண்டியைப் பிடித்துத் திரும்ப வேண்டியதுதான். 7 மணிக்கு மேல் கதவுகள் திறக்கும், நாற்காலிகள் வாசலுக்கு வரும், பிள்ளைகள் தெருவில் இறங்குவார்கள். அப்போது நாம் நெடுஞ்சாலையில் இருப்போம். 'வெள்ளை ஊரெல்லாம் ஒரே மாதிரிதான், ஒன்று பார்த்தால் போதும்' என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பார்த்தது எல்லாமே மதிய ஊர்கள்.

நெர்ஹா எனக்கு ஜெயிப்பது இந்த இடத்தில்தான். அதற்கு நேர் மேலே, 6 கிலோமீட்டர் தூரத்தில் ஃப்ரிஹிலியானா என்ற வெள்ளை மலை ஊர் இருக்கிறது. பேருந்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டாலும் பதற வேண்டாம். டாக்சி பிடித்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அறைக்கு வந்துவிடலாம். அதனால் எங்கள் நாள் தலைகீழாக அமைந்தது. காலையில் கடல். மதியம் சாப்பாடு, தூக்கம். 6 மணிக்கு மேல் மலை.

அந்த நேரத்தில் ஃப்ரிஹிலியானாவின் மேல் ஊருக்குள் நுழைந்தால் காலடியில் முதலில் தெரிவது கூழாங்கற்கள். படிக்கட்டுகள் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கற்களைக் குத்துவாட்டில் பதித்து, பூவும் கோலமுமாக இழைத்திருக்கிறார்கள். மதிய வெயிலில் தட்டையாகத் தெரியும் அந்த வேலைப்பாடு, சாய்ந்த வெளிச்சம் பட்டதும் ஒவ்வொரு கல்லாக எழுந்து நிற்கும். சுவர்களில் பீங்கான் ஓட்டுப் பலகைகள் உண்டு. மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களான மொரிஸ்கோக்கள் கிளர்ந்தெழுந்ததையும், 1569-ல் இந்த ஊருக்கு மேலே உள்ள பாறைக்குன்றில் நடந்த சண்டையையும் அவை வரிசையாகச் சொல்கின்றன. பகலில் அவற்றின் முன்னால் எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள். மாலையில் அம்மாவுக்கு ஒவ்வொன்றாக நிறுத்தி நிதானமாக விளக்க முடிந்தது. பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, எங்கள் மொழி ஒரு சொல்லும் புரியாமலே, அடுத்த பலகை எங்கே இருக்கிறது என்று கையைக் காட்டினார்.

அப்புறம் அந்த ஊரின் கரும்புப்பாகு. கீழே எல் இன்ஹேனியோ என்ற பழைய மாளிகையில் இன்றும் பாகு காய்ச்சுகிறார்கள். ஐரோப்பாவில் மிஞ்சியிருக்கும் ஒரே கரும்புப்பாகு ஆலை என்று பெருமையாகச் சொல்வார்கள். கத்தரிக்காயை மெல்லிசாகச் சீவி மாவில் புரட்டிப் பொரித்து, அதன் மேல் இந்தப் பாகை இழைய விட்டுத் தருவார்கள். நம் வெல்லப்பாகைப் போலவே கறுப்பு, அதைவிடச் சற்றுக் கசப்பு. சைவம் சாப்பிடுபவர்களுக்கு இந்த வட்டாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கக்கூடிய பண்டம் இது. பாதாம் அரைத்துச் செய்யும் அஹோபிளாங்கோ என்ற குளிர்ந்த சூப்பும் அப்படித்தான். பச்சைத் திராட்சை மிதக்கும். சால்மொரேஹோ என்ற குளிர்ந்த தக்காளி சூப்பைக் கேட்டால் மட்டும் மேலே பன்றி இறைச்சித் துண்டு தூவ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

நெர்ஹாவே சும்மா இல்லை. 1959-ல் ஐந்து பையன்கள் கண்டுபிடித்த குகை ஊருக்குக் கிழக்கே மாரோ பக்கம் இருக்கிறது. உள்ளே 32 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைக் கல்தூண் ஒன்று நிற்கிறது. பாறை நீட்டத்தில் கட்டிய பால்கோன் தெ எவுரோப்பா என்ற திறந்தவெளி மாடம் ஊரின் நடுவே கடலுக்கு மேல் தொங்குகிறது. இரண்டு நாளுக்கு மட்டும் கார் வாடகைக்கு எடுத்தால் அக்சார்க்கியா மலைகள் திறந்துகொள்ளும். கோம்பெத்தா என்ற மலை ஊர் வரை ஏறும் சாலையோரச் சரிவுகளில் சின்னச் சின்னச் சாய்வுப் பாத்திகள் தெரியும். ஆகஸ்ட், செப்டம்பரில் மஸ்கட் திராட்சையைப் பறித்து அவற்றில் பரப்பி, வெயிலிலேயே உலர்த்துகிறார்கள். அந்த உலர்திராட்சை முறையை 2017-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு அறிவித்தது.

நெர்ஹாவின் குறைகளையும் சொல்ல வேண்டும். ரயில் கிடையாது. விமான நிலையத்திலிருந்து பெரும்பாலும் மலகா பேருந்து நிலையத்துக்கு வந்து மாறித்தான் போக வேண்டியிருக்கும். ஊர் சமதளம் இல்லை. பூரியானா கடற்கரைக்கு இறங்குவது சுலபம். ஏறும்போது மூச்சு வாங்கும். அம்மாவின் முழங்காலுக்காக நாங்கள் மேற்குப் பக்கம் டொரெசில்யா கடற்கரைக்குத்தான் அதிகம் போனோம். அங்கே இறக்கம் குறைவு. ஆகஸ்டில் மணலில் துண்டு விரிக்க இடம் தேட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய உணவுப் பட்டியல்கள் கண்ணில் படாத தெரு குறைவு. அசல் ஸ்பெயின் வேண்டும் என்று வருபவர்களுக்கு இது உறுத்தும். எனக்கும் முதலில் உறுத்தியது. மேலே ஒரு ஊர் இருக்கிறது, கீழே ஒரு படுக்கை இருக்கிறது என்று எடுத்துக்கொண்ட பிறகு அது பெரிதாகத் தெரியவில்லை.

ரோண்டாவுக்கு வருகிறேன். அழகில் மூன்றில் முதலிடம் அதற்குத்தான், சந்தேகமே வேண்டாம். 1793-ல் கட்டி முடித்த பாலம், ஊரை இரண்டாகப் பிளக்கும் பள்ளத்தாக்கின் மேல் 98 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பகல் கூட்டம் மலையிறங்கிப் போன பிறகு அதன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பதற்காகவே ஒரு இரவு தங்கலாம். என் அளவுகோலின்படியே பார்த்தாலும் மாலை ரோண்டா பிரமாதம். சுற்றிலும் பாறைக் கூரையின் அடியில் வீடுகள் ஒட்டியிருக்கும் செத்தெனில், ஏரிக்கு மேல் கோட்டையோடு நிற்கும் சாரா, ஸ்பெயினிலேயே மழைக்குப் பேர்போன கிராசலேமா என்று மலை ஊர்கள் வரிசை கட்டுகின்றன. கடல் வேண்டாம், மலை மட்டும் போதும், கையில் கார் இருக்கிறது என்றால் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டு ரோண்டாவில் அறை எடுங்கள்.

கடலும் வேண்டும் என்றால்தான் சிக்கல். ரோண்டாவிலிருந்து கடலோரத்துச் சான் பெத்ரோவுக்கு இறங்கும் சாலை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அத்தனையும் வளைவு. ஒரு மணி நேரம் ஆகும். பின் இருக்கையில் குழந்தை இருந்தால் பிளாஸ்டிக் பை தயாராக இருக்க வேண்டும். இடது பக்கம் ஓட்டிப் பழகிய நாம் வலது பக்கம் ஓட்டிக்கொண்டு, கியர் வண்டியில், இருட்டில் அந்தச் சாலையில் ஏறித் திரும்புவதை நினைத்தால் கடலுக்குப் போகும் ஆசையே குறைந்துவிடும். காலையில் போய் மதியமே திரும்பிவிடத் தோன்றும். அப்படியானால் கடலின் மாலை போயிற்று. கார் இல்லாதவர்களுக்கு வேறு கவலை. செத்தெனில் மாதிரி ஊர்களுக்குப் பேருந்துகள் மிகக் குறைவு, வாரக் கடைசியில் இன்னும் குறைவு. ஊர் 700 மீட்டருக்கு மேல் இருப்பதால் குளிர்காலத்தில் கடலோரத்தின் மிதவெப்பத்தையும் எதிர்பார்க்க முடியாது.

மலகாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அதன் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு ரயிலில் கால் மணி நேரம்கூட இல்லை. அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் கோர்தோபா. ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் பக்கத்துப் பக்கத்தில். அல்கசாபா கோட்டை, பிக்காஸோ அருங்காட்சியகம், பெத்ரெகலேஹோ கரையில் பழைய படகில் மணலை நிரப்பி அதில் தீ மூட்டிச் சுடும் மத்தி மீன். ஊராகப் பார்த்தால் நெர்ஹாவைவிட நூறு மடங்கு சுவையான ஊர். கார் ஓட்டவே மாட்டேன், கோர்தோபா, செவில்லா, கிரனாடா எல்லாம் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு மலகாதான் சரி. என் வாதத்துக்கு மலகாவிடம் ஒரு பதிலும் உண்டு: கடலோர ரயிலில் ஃபுவெங்கிரோலா வரை போய், அங்கிருந்து பேருந்தில் மிஹாஸ் மலை ஊருக்கு ஏறலாம். மாலையில் போய் வர முடியும். ஆனால் இரண்டு வண்டி மாறித் திரும்ப வேண்டும் என்ற நினைப்பு இருக்கும்போது 10 மணிவரை ஒரு சதுக்கத்தில் நிம்மதியாக உட்கார மனம் வராது. கோடையில் தெரால் என்ற நிலக்காற்று வீசும் நாட்களில் நகரம் கொதிக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்னதெல்லாம் மே முதல் செப்டம்பர் வரை பொருந்தும். நாங்கள் குளிர்காலத்தில் போனதில்லை. ஆனால் டிசம்பரில் மாலை 6 மணிக்கே சூரியன் மறைந்துவிடும், மதிய வெயிலும் இதமாக இருக்கும். அப்போது நீண்ட மாலை என்ற என் முக்கியமான காரணமே அடிபட்டுப்போகிறது. குளிர்காலத்தில் போகிறவர்கள் மலகாவில் தங்கி, பகலில் மலை ஏறி வருவதே நல்லது என்று நினைக்கிறேன்.

மேற்கே காதிஸ் மாகாணத்தில் வெஹேர் என்ற ஊரையும் சிலர் சொல்வார்கள். ஊரே மலைமேல் இருக்கிறது, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அட்லாண்டிக் கரை. மாலை என்ற என் அளவுகோலுக்கு அதுவும் நன்றாகப் பொருந்தும். ஒருவேளை நெர்ஹாவைவிடவும் நன்றாகவே. பகலில் நடந்து பார்த்ததோடு சரி, அங்கே இரவு தங்கியதில்லை என்பதால் துணிந்து சொல்ல முடியவில்லை. கிழக்கிலிருந்து லெவாந்தே காற்று கிளம்பினால் அந்தக் கரையில் மணல் முகத்தில் அறையும். காரும் கட்டாயம் வேண்டும்.

நெர்ஹா என்று முடிவு செய்தால் சில வார்த்தைகள். பேருந்து நிற்பது ஊரின் மேல் பக்கம். அதற்கும் கடல் மாடத்துக்கும் நடுவே அறை எடுங்கள். இரண்டுக்கும் நடந்தே போகலாம். ஃப்ரிஹிலியானா பேருந்துக்கு ஞாயிறும் விடுமுறை நாளும் நேரம் மாறும், நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் பலகையை முதல் நாளே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காருக்கு இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலிருந்தே வாங்கிப் போங்கள். கிரனாடாவுக்கு நெர்ஹாவிலிருந்தே பேருந்து உண்டு, ஆனால் அங்கிருக்கும் அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனைக்கான சீட்டை வெகு முன்பே பதிவு செய்ய வேண்டும். உள்ளே இருக்கும் நஸ்ரித் அரண்மனைகளுக்கு நுழையும் நேரம் சீட்டிலேயே அச்சாகியிருக்கும், பேருந்து நேரத்தை அதற்குத் தகுந்தபடி பாருங்கள். திரும்பும் விமானம் விடியற்காலை என்றால் கடைசி இரவை மட்டும் மலகாவுக்கு மாற்றிவிடுங்கள்.