பாம்பன், மண்டபம் பக்கம் கருவாட்டுக் கடை வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கருவாட்டுக்குக் கிராக்கி கூடுகிற நேரம். அது தெரிந்துதான் ஒரு மோசடிக்காரன் எனக்குப் போன் போட்டிருக்கிறான்.

"அக்கா, முகாம் கேன்டீன்ல இருந்து பேசுறேன். நெத்திலி 15 கிலோ, சீலா 5 கிலோ வேணும். பணம் முதல்ல போட்டுடுவோம், வண்டி பின்னாடி வரும்" என்றான். இந்தி கலந்த தமிழ். மண்டபத்தில் கடலோரக் காவல் படை இருக்கிறது, உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வாட்ஸ்அப்பில் சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்பினான். 11,000 ரூபாய் ஆகும் என்றேன், சரி என்றான். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். உப்பு எப்படி, மண் இருக்குமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் யார் 20 கிலோ கருவாடு வாங்குவார்கள்?

ஒரு க்யூஆர் கோடு வந்தது. "ஆபீஸ் கணக்குல இருந்து இப்படித்தான் வரும், 1 ரூபாய் போட்டுப் பாருங்க" என்றான். போட்டேன். உடனே 2 ரூபாய் திரும்பி வந்தது. அந்த 2 ரூபாயில்தான் நான் விழுந்தேன். அடுத்து அனுப்பிய க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தபோது 11,000 என்று காட்டி ரகசிய எண் கேட்டது. போனை வைக்க விடாமல் பேசிக்கொண்டே இருந்தான். அடித்தேன், பணம் போய்விட்டது. "தப்பாயிடுச்சு அக்கா, இன்னொரு தடவை பண்ணுங்க, எல்லாம் சேர்ந்து வந்துடும்" என்றான். மறுபடியும் அடித்தேன். சரக்கு எடுக்க வைத்திருந்த 22,000 ரூபாய் பத்து நிமிடத்தில் போனது.

நம் கணக்குக்குப் பணம் வர நாம் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், ரகசிய எண்ணும் வேண்டாம். நம் கடையில் ஒட்டியிருக்கும் கோடை வாங்குகிறவர்தான் ஸ்கேன் செய்கிறார், எண்ணையும் அவர்தான் போடுகிறார். தினமும் கண்ணால் பார்த்தும் அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

வெட்கத்தில் அன்று வீட்டில் சொல்லவில்லை. மறுநாள்தான் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் பேசினேன். அதற்குள் பணம் போன கணக்கைத் துடைத்து எடுத்துவிட்டான். உங்களுக்கு இப்படி நடந்தால் யார் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்காமல் அந்த நிமிடமே 1930-க்குப் பேசுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். அவன் பணத்தை எடுப்பதற்குள் கணக்கை முடக்கினால்தான் மீட்க வழி உண்டு.

நேற்று தங்கச்சிமடத்தில் ஒரு அண்ணன் கடைக்கும் இதே போல ஒருவன் பேசியிருக்கிறான், வேறு நம்பரில். இந்த முறை கேட்டது இறால் கருவாடு, 20 கிலோ.