போலிஷ் வகுப்பு (திருகோணமலை டவுன்): ரீச்சருக்கு அஞ்சு, நோட்ஸுக்கு ஒன்று

உப்புவெளியில் ஒரு கெஸ்ட்ஹவுஸில் வேலை செய்கிறேன். மே மாதம் கடல் அடங்கியதும் புறாத்தீவு பார்க்க வருகிற வெள்ளைக்காரரில் போலந்துக்காரரும் இருப்பார்கள், அவர்களோடு நாலு வார்த்தை கதைத்தால் நல்லது என்றுதான் டவுனில் ஒரு மாடி அறையில் நடக்கிற இந்த வகுப்பில் சேர்ந்தேன். மூன்று மாதம், சனி ஞாயிறு, மாதம் 4000 ரூபாய். பெயர் வேண்டாம்.

வணக்கம், விலை, எண்கள் எல்லாம் யூடியூபிலேயே கிடைக்கும், அதற்காகக் காசு கட்டாதீர்கள். இந்த ரீச்சரிடம் போக வேண்டியது ரயில்பெட்டி மாதிரி நீளுகிற பெயரடைகளுக்காகத்தான். 'இருபத்தைந்து வயதான' என்பது அவர்களுக்கு ஒரே சொல்: த்வுஜேஸ்தோபியேன்ச்சோலெத்னி (dwudziestopięcioletni). எழுத்தில் பார்த்தால் உயிரெழுத்து மட்டும் பத்து இருக்கிறது, நானும் பத்து அசையாக இழுத்து வாசித்தேன், வகுப்பே சிரித்தது. உண்மையில் ஏழுதான்: த்வு-ஜே-ஸ்தோ-பியேன்-ச்சோ-லெத்-னி. மெய்க்கும் இன்னொரு உயிருக்கும் நடுவில் வருகிற 'ஐ' (i) எழுத்து தனி அசை இல்லை, முன்னால் நிற்கிற மெய்யை இளக்குகிற அடையாளம் மட்டும், அப்படி அந்தச் சொல்லில் மூன்று இருக்கின்றன. கடைசி 'னி'யில் இருப்பது மட்டும் அசல் உயிர். இதை எந்த ஆப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அழுத்தம் அதைவிடச் சுகம். "முன்னுக்கிருந்து எண்ணாதேங்கோ அண்ணை, பின்னுக்கிருந்து ரெண்டாவது" என்றார் ரீச்சர். சொல் எவ்வளவு நீண்டாலும் ஈற்றயலசையில்தான் அடி விழும், இங்கே 'லெத்'. ஆனால் வேற்றுமை ஏறி 'லெத்னியேகோ' என்று வால் நீண்டால் அழுத்தமும் பின்னுக்கு நகர்ந்து 'னியே'க்குப் போய்விடும். நாங்கள் நெடிலைக் கண்டால் அங்கே அழுத்துவோம், இல்லையென்றால் சொல்லின் தலையில் குட்டுவோம், அந்தப் பழக்கம் போக எனக்கு ஒரு மாதம் பிடித்தது. 'கணிதம்' என்கிற மாதெமாதிக்கா மாதிரிச் சொற்களில் அழுத்தம் பின்னிருந்து மூன்றாவதில் விழுவதுதான் முறை, அதையே பெயரடையாக்கி மாதெமாதிச்னி என்றால் மறுபடி ஒழுங்குக்கு வந்துவிடும்.

எனக்குப் பிடித்த பாடம் இடைக்கோடு. ஜுவ்தோ-ஜெலோனி என்று கோடு போட்டால் மஞ்சளும் பச்சையும், அதாவது நம் உம்மைத்தொகை. கோடு இல்லாமல் ஒட்டினால் மஞ்சள் கலந்த பச்சை. அவர்களின் கொடி நிறமான ப்யாவோ-செர்வோனியும் முதல் வகைதான், வெள்ளையும் சிவப்பும். முன்பாதியில் 'ப்யா'வுக்குச் சின்னதாக ஒரு தட்டு, பின்பாதியில் 'வோ'வில் முழு அடி. ரீச்சர் மேசையில் விரலால் தட்டிக் காட்டுவார், ஏ.எல். தமிழில் தேமா புளிமா படித்த ஆட்களுக்கு உடனே பிடிபடும். (நேர், நிரையை இதற்குள் கொண்டுவர வேண்டாம், நான் கொண்டுவந்து குழம்பினேன். இரண்டு குறில் சேர்ந்து ஓர் அசையாவது அங்கே இல்லை.)

சரி, நோட்ஸ். 600 ரூபாய்க்குப் போட்டோக்கொப்பி, யாரோ கொம்பியூட்டரில் அடித்து வரி முடிகிற இடத்தில் கண்டபடி வெட்டியிருக்கிறார்கள். 'பியேன்' என்ற ஓரசையை நடுவில் பிளந்து 'பி' மேலே, மிச்சம் கீழே. 'மத்திய ஐரோப்பிய' என்ற ஷ்ரோத்கோவோஎவ்ரோபெய்ஸ்கியில் 'எவ்' (eu) ஓரசை, அதையும் 'எ', 'உ' என்று பிரித்துவிட்டார்கள். கூட்டுச்சொல்லை அதன் இரண்டு பாதியும் ஒட்டுகிற இடத்தில், 'கோவோ'வுக்குப் பிறகு, வெட்டினால் கண்ணுக்கும் நல்லது வாய்க்கும் நல்லது. இடைக்கோட்டில் வரி முறிந்தால் அடுத்த வரித் தொடக்கத்திலும் கோடு போடுவது போலிஷ் வழக்கம், இவர்கள் ஓரிடத்திலும் போடவில்லை, அதனால் எது உம்மைத்தொகை எது ஒட்டுச்சொல் என்றே தெரியாது. ரீச்சரிடம் சொன்னேன். "அது ஒஃபிஸ் வேலை அண்ணை" என்று முடித்துவிட்டார்.

முன் வாங்கில் இருங்கள், பின்னுக்கு ஃபேன் சத்தத்தில் எந்த அசையும் கேட்காது. நோட்ஸ் காசுக்கு ஒரு சிஆர் கொப்பி வாங்கிக்கொண்டு போங்கள்.