"போர்டு போச்சு" என்று சொல்வதற்கு முன் விளக்கை எண்ணினார்களா? 6,800 ரூபாய் பில் ஒன்றின் விவரம்

"மதர்போர்டு சிப் லெவல் சர்வீஸ் – ரூ. 6,800. வாரண்டி 30 நாள்." கையால் எழுதிய அந்த பில்லில் இவ்வளவுதான் இருக்கிறது. எந்த சிப், என்ன கோளாறு, எதைக் கழற்றி எதை வைத்தார்கள் என்று ஒரு சொல் கிடையாது. ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

லேப்டாப் டெல் இன்ஸ்பிரான், 15 அங்குலத் திரை. ரேமுக்கு இரண்டு ஸ்லாட். அதில் ஒன்றில் மட்டும் 8 ஜிபி. ஒருநாள் காலை பவர் பட்டனை அழுத்தினால் திரை இருட்டு, விசிறி லேசாகச் சுற்றி நிற்கிறது, முன்பக்க விளக்கு மட்டும் ஆரஞ்சும் வெள்ளையுமாக மினுக்குகிறது. உரிமையாளர் கடையில் போய் "ஆரஞ்சு லைட் மினுக்குதுங்க" என்றார். கடைக்காரர் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "சார்ஜிங் செக்ஷன் போயிருக்கு சார், போர்டு வேலை" என்றார். முன்பணம் 3,000. ஒன்பது நாள் கழித்து லேப்டாப் ஓடிய நிலையில் திரும்பி வந்தது. 41ஆம் நாள் மறுபடியும் அதே இருட்டு, அதே மினுக்கல். "வாரண்டி முடிஞ்சிருச்சு சார், இனி போர்டையே மாத்தணும், 14,000 ஆகும்."

இரண்டாம் முறைதான் அந்த மினுக்கலை யாரோ எண்ணிப் பார்த்தார்கள். ஆரஞ்சு 2, சிறு இடைவெளி, வெள்ளை 3. டெல்லின் சர்வீஸ் கையேட்டில் இதற்கு ஒரே பொருள்தான்: ரேம் கண்டறியப்படவில்லை. சார்ஜிங்குக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

திறந்து பார்த்தபோது மீதி விஷயமும் வெளியே வந்தது. போர்டில் எங்கும் ஃப்ளக்ஸ் (ஈயம் வைக்கும்போது தடவும் பசை) கறை இல்லை, புது ஈயத்தின் பளபளப்பு இல்லை. விசிறி, ஹீட் சிங்க் எதையும் யாரும் கழற்றவில்லை. பிராசஸர் மேல் இருந்த பேஸ்ட் ஆண்டுக்கணக்கில் காய்ந்து சுண்ணாம்பு போல உதிர்ந்தது. போர்டை வெளியே எடுத்து ஐசி (சிப்) மாற்றியவர்கள் பழைய பேஸ்டை அப்படியே விட்டு மூட மாட்டார்கள், ஹீட் சிங்கைக் கழற்றிய பிறகு அந்தப் பேஸ்ட் உதவாது. ஒரே ஒரு மாற்றம் இருந்தது. முன்பு எஸ்எஸ்டி போட்டபோது எடுத்த படம் உரிமையாளரின் போனில் இருந்தது. அதில் ரேம் முதல் ஸ்லாட்டில் இருக்கிறது. இப்போது இரண்டாம் ஸ்லாட்டில். ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணும் அதேதான். 6,800 ரூபாய்க்கு நடந்த வேலை ரேமை எடுத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகியது மட்டுமே.

ரேமின் தங்க முனைகளில் மங்கலான படலம் படிந்திருந்தது. அழிரப்பரால் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துப் போட்டதும் இரண்டு ஸ்லாட்டிலும் ஓடியது. ஆகவே ஸ்லாட்டும் சரி, போர்டும் சரி.

இது அபூர்வமான ஏமாற்று அல்ல. லேப்டாப் பேசும் மொழி வாடிக்கையாளருக்குத் தெரியாது என்ற ஒரே நம்பிக்கையில் நடக்கிற வேலை. அதனால் அந்த மொழியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம்.

பவர் பட்டனை அழுத்தியதும், விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள் ஒவ்வொரு பாகமாகச் சோதிக்கிறது. திரைக்குப் படம் அனுப்பும் நிலைக்கு வருவதற்கு முன்பே ஏதாவது தடுக்கினால் எழுத்தில் சொல்ல வழி இல்லை. அப்போது அதனிடம் இருப்பது ஸ்பீக்கரும் விளக்கும்தான். பழைய மாடல்கள் பீப் அடிக்கும். புதியவற்றில் பல வாய் திறப்பதே இல்லை, விளக்கால் மட்டும் சொல்லும்.

டெல்லில் ஆரஞ்சு–வெள்ளைக் கணக்கு இப்படி: 2–1 பிராசஸர், 2–2 பயாஸ், 2–3 ரேம் இல்லை, 2–4 ரேம் இருக்கிறது ஆனால் பழுது, 2–5 பொருந்தாத ரேம், 2–6 போர்டு அல்லது சிப்செட், 2–7 திரை, 3–1 சிமாஸ் பேட்டரி (கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காக்கும் சிறு பேட்டரி). இதில் நேரடியாகப் போர்டைக் காட்டுவது 2–2, 2–6 போன்ற சிலதான் என்பதைக் கவனியுங்கள். பீப் அடிக்கும் பழைய டெல்லில் 2 பீப் என்றால் ரேம் இல்லை, 4 என்றால் ரேம் பழுது, 5 என்றால் சிமாஸ் பேட்டரி, 6 என்றால் கிராபிக்ஸ், 7 பிராசஸர், 8 திரை.

எச்பியில் கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள். பழைய மாடல்களில் வெறும் எண்ணிக்கை: 1 பிராசஸர், 2 பயாஸ், 3 ரேம், 4 கிராபிக்ஸ், 5 போர்டு. புதியவற்றில் முதலில் நீளமான மினுக்கல், பிறகு குறுகியவை, நீளம் 3, குறுகியது 2 என்றால் ரேம், 3–3 கிராபிக்ஸ், 3–4 போர்டில் மின்சாரக் கோளாறு, 3–5 பிராசஸர். திங்க்பேடின் பிந்தைய மாடல்கள் ஒரு சிறிய மெட்டு போலப் பீப் அடிக்கும். அதை லெனோவோவின் டயக்னாஸ்டிக்ஸ் செயலியைப் போனில் திறந்து கேட்கவைத்தால் கோளாறு எண்ணாக மாற்றித் தரும். பாட்டு பாடுகிற லேப்டாப் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு, அது பாவம், உதவி கேட்கிறது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தேடினால் "பீப் கோடு அட்டவணை" என்று ஆயிரம் கிடைக்கும். அதில் பாதி பழைய டெஸ்க்டாப் போர்டுகளில் இருந்த, ஏஎம்ஐ என்ற நிறுவனத்தின் பயாஸுக்கானது. 5 பீப் என்றால் டெல்லில் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற சிமாஸ் பேட்டரி. ஏஎம்ஐ அட்டவணையில் அதே 5 பீப் பிராசஸர் பழுது. பழைய எச்பியில் 5 மினுக்கல் என்றால் போர்டு. தவறான அட்டவணையைக் காட்டி, "நீங்களே பாருங்க சார், பிராசஸர்னு போட்டிருக்கு" என்று சொல்வது இப்போது நன்றாக நடக்கிறது. கம்பெனி, மாடல் பெயர், அந்த மாடலுக்கான சர்வீஸ் மேனுவல்: மூன்றும் பொருந்தினால் மட்டும் எண்ணை நம்புங்கள்.

இடைவிடாமல் அடிக்கும் பீப் என்றால் முதலில் கீபோர்டைச் சந்தேகியுங்கள். ஒரு கீ அழுந்திய நிலையில் மாட்டிக்கொண்டாலோ, டீ சிந்தி உள்ளே ஷார்ட் ஆனாலோ இப்படிக் கத்தும். கீபோர்டின் ரிப்பன் கேபிளைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு ஆன் செய்தால் சத்தம் நின்றால் கோளாறு கீபோர்டில்தான்.

ரேம் என்று எண் சொன்னால் வீட்டிலேயே செய்யக்கூடியது இது. சார்ஜரைப் பிடுங்குங்கள். அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அதைச் செய்யாமல் ரேமைத் தொட்டால் நல்ல போர்டையும் நீங்களே கெடுப்பீர்கள். பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியுங்கள். ரேமின் இருபுறக் கொக்கிகளை வெளிப்பக்கமாக விலக்கினால் அது தானே சாய்ந்து எழும். தங்க முனைகளில் விரல் படக் கூடாது. வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துலக்கி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து உலர விடுங்கள். திரும்பச் செருகும்போது சாய்வாகவே முழுதும் உள்ளே தள்ள வேண்டும். தங்கக் கோடு அநேகமாக மறைந்த பிறகுதான் கீழே அழுத்த வேண்டும்; இரு கொக்கியும் 'டக்' என்று பிடிக்கும். அரைகுறையாகச் செருகிக் கீழே அழுத்தினாலும் கொக்கி பிடித்துவிடும், பார்ப்பதற்குச் சரியாக இருக்கும், ஆனால் அந்த 2–3 மினுக்கல் போகாது.

இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக ஒவ்வொரு ஸ்லாட்டிலும், ஆக நான்கு முறை சோதியுங்கள். கோளாறு ரேமோடு நகர்ந்தால் ரேம். எந்த ரேம் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் தகராறு என்றால் ஸ்லாட், அதாவது போர்டு. ரேமை மாற்றிய பின் முதல் ஸ்டார்ட்டில் இருட்டுத் திரை ஒரு நிமிடம், சிலவற்றில் அதற்கும் மேல் நீடிக்கும். புது ரேமை அளந்து பழகுகிற நேரம் அது. அவசரப்பட்டு அணைத்தவர்களில் பலர்தான் "ரேம் மாத்தியும் வரலை" என்று கடைக்குப் போகிறார்கள். 2–5 வந்தால் வோல்டேஜையும் பாருங்கள்: 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கேட்கும் லேப்டாப்பில் பழைய 1.5 வோல்ட் டிடிஆர்3 ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் ஓடாது.

ரேமைப் போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருக்கும் மெல்லிய மாடல்களில் இந்த வழி இல்லை. அங்கே 2–4 வந்தால் உண்மையிலேயே சிப் லெவல் வேலைதான். நுண்ணோக்கி வைத்து அதை நேர்த்தியாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்கும் கூலியும் நியாயம். நம் புகார் அந்தப் பெயரைச் சொல்லி ரேமை நகர்த்துகிறவர்கள் மேல்.

திரையில் எழுத்து வந்தால் வேறு விதமான ஏமாற்று. டெல்லில் "சார்ஜரின் வாட்டேஜும் வகையும் தெரியவில்லை" என்று ஒரு செய்தி வரும். பேட்டரி ஏறாது, லேப்டாப் ஆமை வேகத்தில் ஓடும். டெல் சார்ஜர் பின்னின் நடுவில் மெல்லிய ஊசி இருக்கிறதே, அது மின்சாரத்துக்கு அல்ல, அடையாளத்துக்கு. ஊசி வளைந்தாலோ, வயருக்குள் அந்தக் கம்பி அறுந்தாலோ இந்தச் செய்தி. வேறொரு டெல் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். போய்விட்டால் சார்ஜர், போகாவிட்டால் அடுத்தது சார்ஜிங் ஜாக், பல மாடல்களில் அது வயரோடு கூடிய தனிப் பாகம். இரண்டையும் பார்க்காமல் "சார்ஜிங் ஐசி" என்பவரிடம் லேப்டாப்பை விடாதீர்கள்.

"பிஎக்ஸ்இ-இ61, கேபிளைச் சரிபார்க்கவும்" என்று வந்தால் நெட்வொர்க் கார்டு பழுது இல்லை. டிஸ்கில் விண்டோஸ் கிடைக்காமல் நெட்வொர்க் வழியாகத் தேடப்போய், அங்கே லேன் கேபிள் இல்லை என்று சொல்கிறது, அவ்வளவுதான். பயாஸுக்குள் போய் டிஸ்க் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால், சிமாஸ் பேட்டரி தீர்ந்து அமைப்புகள் மாறியிருக்கக்கூடும். டெல்லில் இது குறிப்பாக நடக்கும்: ஏஎச்சிஐ முறையில் (டிஸ்கை அணுகும் முறைகளில் ஒன்று, ரெய்டு இன்னொன்று) நிறுவிய விண்டோஸ், பயாஸ் ரெய்டு முறைக்குத் திரும்பியதும் நீலத் திரை காட்டும். ஒரு அமைப்பை மாற்றினால் தீரும். "டிஸ்க் கரப்ட், ஃபார்மட்தான்" என்று சொல்லி மொத்தப் படங்களையும் அழித்தபின் யாரிடம் போய் அழுவது?

உண்மையில் டிஸ்க் பழுது என்றால் சோதனையே சொல்லும். டெல்லில் எஃப்12 அழுத்தி டயக்னாஸ்டிக்ஸ் ஓட்டினால் 2000-0142 என்று வரும். எச்பியில் எஃப்2, அல்லது ஆன் ஆகும்போதே "ஸ்மார்ட் ஹார்டு டிஸ்க் 301". அதைப் பார்த்தால் வேறெதுவும் செய்யாமல் முதலில் தரவைப் பிரதி எடுங்கள். எச்பியில் 90பி என்றால் விசிறி. பல நேரம் தூசி அடைப்புதான்.

எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை, இருட்டு மட்டும் என்றால் டெல்லில் சார்ஜரைச் செருகி, 'டி' கீயைப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனை அழுத்துங்கள். திரை முழுக்கக் கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்கள் மாறினால் பேனல் உயிரோடு இருக்கிறது. "டிஸ்ப்ளே மாத்தணும்" என்பவரிடம் இதைச் செய்து காட்டுங்கள்.

கடையில் விடுவதற்கு முன்: மினுக்கலையும் பீப்பையும் குறைந்தது மூன்று சுற்று வரும்படி போனில் வீடியோ எடுங்கள். ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி ஸ்டிக்கர்களின் படம் வேண்டும், 8 ஜிபி கொடுத்து 4 ஜிபி வாங்கி வந்தவர்கள் ஏராளம். பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்குக்குப் போடும் பூட்டு) ஆன் ஆகியிருந்தால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள 48 இலக்கச் சாவியைக் குறித்துக்கொள்ளுங்கள். போர்டு மாற்றினாலோ பயாஸ் அமைப்பு மாறினாலோ அது கேட்கும், இல்லையென்றால் ஃபார்மட்தான். ஜாப் கார்டில் "ஆரஞ்சு 2, வெள்ளை 3" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் கொடுக்க வேண்டாம். பில்லில் மாற்றிய பாகத்தின் பெயர் வேண்டும், கழற்றிய பழைய பாகமும் கையில் வேண்டும். ஹீட் கன்னால் கிராபிக்ஸ் சிப்பைச் சூடாக்கித் தருகிற "ரீஹீட்" வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள். அது சில வாரம் ஓடும், சரியாக வாரண்டி முடிகிற வரை.

ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம்; சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

இந்த இன்ஸ்பிரான் விஷயத்தில் கையில் இருந்தவை பில், ஸ்லாட் மாறியதைக் காட்டும் பழைய படம், இரண்டாம் முறை எடுத்த 40 நொடி வீடியோ. முதல் முறை கொடுத்தபோது வீடியோ எடுக்கவில்லை, அதனால் "அப்போ வேற கம்ப்ளெயின்ட் சார்" என்று கடைக்காரரால் சொல்ல முடிந்தது. படத்தையும் காய்ந்த பேஸ்டையும் காட்டியபின் 3,000 ரூபாய் திருப்பித் தந்தார். மீதி 3,800க்கு 1915இல் புகார் பதிவாகியிருக்கிறது.