‘6 மாதத்தில் எலக்ட்ரீஷியன், கையில் அரசு சான்றிதழ்’: பணம் கட்டும் முன் படியுங்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரமே பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் இந்த நோட்டீஸ் முளைத்துவிடும். சேர்கிற பையன்களுக்கு நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கட்டணம் முழுவதும் முதல் வாரத்திலேயே வசூல். ஒரு மரப்பலகையில் டூ-வே சுவிட்ச், குடோன் வயரிங், டியூப்லைட் இணைப்பு. அதோடு பிராக்டிகல் முடிந்தது. கடைசியில் தங்க முத்திரை போட்ட சான்றிதழ். ரயில்வே டெக்னீஷியன், மின்வாரியக் கள உதவியாளர் என்று விண்ணப்பிக்கப் போகும்போதுதான் அது செல்லாது என்று தெரியும். அங்கே கேட்பது ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) முடித்த தொழிற்சான்றிதழ். எலக்ட்ரீஷியன் பிரிவு 2 வருடம். குறுக்கு வழி கிடையாது.

“அரசு அங்கீகாரம்” என்று கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ்களைக் கிட்டப் போய்ப் படியுங்கள். உத்யம் எனும் சிறுதொழில் பதிவு, டிரஸ்ட் பதிவு, ஐஎஸ்ஓ 9001 எனும் நிர்வாகத் தரச் சான்று. எதுவுமே பாடத்துக்கான அங்கீகாரம் அல்ல. உத்யம் பதிவை டீக்கடைக்காரரும் வாங்கலாம்.

“வயர்மேன் ஹெல்பர் சான்றிதழும் வாங்கித் தருகிறோம்” என்பது அடுத்த தூண்டில். இந்தச் சான்றிதழுக்கான மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை நடத்துவது வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும், வயரிங்கில் 5 வருட அனுபவமும் வேண்டும். 17 வயதுப் பையனுக்கு அதை எப்படி வாங்குவார்கள்? பொய் அனுபவச் சான்று வைத்துத்தான். பிடிபட்டால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

உண்மையான தனியார் ஐடிஐயிலும் ஒரு கண்ணி உண்டு, இதில்தான் விவரம் தெரிந்த பெற்றோரே ஏமாறுகிறார்கள். அங்கீகாரம் நிறுவனத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு தொழிற்பிரிவுக்கும் தனித்தனி. ஃபிட்டருக்கு மட்டும் வாங்கிவிட்டு எலக்ட்ரீஷியனுக்கும் ஆள் சேர்ப்பார்கள். ஒரு யூனிட்டுக்கு, அதாவது அனுமதி பெற்ற ஒரு வகுப்புக்கு, 20 இடம். அதற்கு மேல் சேர்த்தவர்களுக்குத் தேர்வு நேரத்தில் ஹால் டிக்கெட் வராது. அதனால் நிறுவனத்தின் ஐடிஐ குறியீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவு இருக்கிறதா, எத்தனை யூனிட் என்று பாருங்கள். எண் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

பணிமனைக்குள்ளும் நுழைந்து பாருங்கள். த்ரீ-பேஸ் மோட்டார், அதை ஓடத் தொடங்க வைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர், இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர், எர்த் இணைப்புக்கான குழி (எர்த் பிட்) கண்ணில் பட வேண்டும். ஸ்டார்ட்டர் மேல் தூசி படிந்திருந்தால் யாரும் அதைக் கழற்றி மாட்டவில்லை. கட்டணத்துக்குப் பிரிவின் பெயர் எழுதிய ரசீது வாங்குங்கள். ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் காட்டலாம், விட்டுவிட்டு வர வேண்டாம். பாதியில் விலக நினைத்தால் அதை வைத்துத்தான் மீதிப் பணம் கேட்பார்கள்.