ஏ லெவல் இங்கிலிஷ் லாங்குவேஜுக்கு ஒன்லைன் ரியூசன் தேடுற பெற்றோருக்கு: 1,440 பவுண்ஸ் போன கதை

வணக்கம் உறவுகளே. நேற்று இரவு வந்த ஈமெயிலைப் பார்த்த கொதி இன்னும் அடங்கேல்லை. அடங்க முதல் எழுதிப் போடுறன். போனது 1,440 பவுண்ஸ். மனிசி ஓவர்டைம் செய்து ஒதுக்கி வைச்ச காசு. கம்பனியின்ர பெயரைப் போடேல்லை. ஒன்லைனில ரியூட்டரையும் பெற்றோரையும் சேர்த்து விடுற இடங்களில ஒண்டு எண்டு மட்டும் விளங்கிக்கொள்ளுங்கோ.

மகள் இயர் 13, ஏ லெவலின்ர கடைசி வருசம். லண்டனில எங்கட சனத்தின்ர பிள்ளையள் கெமிஸ்ட்ரி, பயோ எண்டு ஓட, இவள் மற்ஸோடயும் சைக்கோலஜியோடயும் இங்கிலிஷ் லாங்குவேஜ் எடுத்தவள். "இங்க பிறந்த பிள்ளைக்கு இங்கிலிஷுக்கு என்னத்துக்கு ரியூசன்?" எண்டு கேக்காத சொந்தக்காரர் இல்லை. அதுக்குப் பதில் சொல்லிப்போட்டே போறன், ஏனெண்டா சுத்துமாத்து நடந்தது இந்த இடத்திலதான்.

ஏ லெவலில இங்கிலிஷ் மூண்டு விதம். லிற்றறேச்சர் ஒண்டு, லாங்குவேஜ் ஒண்டு, ரெண்டையும் சேர்த்த லாங்குவேஜ் அண்ட் லிற்றறேச்சர் இன்னொண்டு. ஏ.கியூ.ஏ எண்ட பரீட்சை போர்டில தனி லாங்குவேஜின்ர ஸ்பெசிபிகேஷன் நம்பர், அதாவது பாடத்திட்ட நம்பர், 7702, சேர்த்ததின்ர நம்பர் 7707. 7702இல பாடப்புத்தகம் எண்டு நாவலும் இல்லை, கவிதையும் இல்லை. சின்னப் பிள்ளையள் எப்பிடிப் பேசப் பழகுதுகள், இங்கிலிஷ் காலத்தோட எப்பிடி மாறினது, இடத்துக்கு இடம் ஆளுக்கு ஆள் எப்பிடி வேறுபடுது எண்டதுதான் படிப்பு. ரெண்டரை மணித்தியாலப் பேப்பர் ரெண்டுக்கு 80 வீதம். மிச்சம் 20 வீதம் பிள்ளை தானே செய்யிற கோர்ஸ்வேர்க்.

ஒக்டோபரில அவையின்ர நம்பருக்கு அடிச்சன். எடுத்தது ஒரு பொம்பிளைப் பிள்ளை. என்ர பெயரைக் கேட்டவுடன "அங்கிள், நீங்கள் தமிழோ?" எண்டு தமிழில தொடங்கிச்சு. தானும் இங்க ஏ லெவல் எடுத்ததாம், தன்ர அம்மாவும் இப்பிடித்தான் ரீச்சர் தேடி அலைஞ்சவவாம். "கவலைப்படாதேங்கோ அங்கிள், 7702 மட்டும் படிப்பிக்கிற ஆளாப் பார்த்துத் தாறன். பழைய எக்ஸாமினர்." அதை வாட்ஸ்அப்பிலயும் எழுதி அனுப்பிச்சு. அந்தக் குரலில ஒரு பொய் இருக்கும் எண்டு ஆர் நினைப்பினம்?

பிறகு ட்ரயல் வகுப்பு. நானும் மகளுக்குப் பக்கத்தில இருந்து பார்த்தனான். வந்த ரீச்சர் உண்மையிலயே வலு கெட்டிக்காரி. 1958இல ஜீன் பேர்கோ எண்டவ செய்த சோதனையைப் பற்றிச் சொன்னவ: உலகத்தில இல்லாத ஒரு பிராணியின்ர படத்தைக் காட்டி, "இது ஒரு வக்" எண்டு பிள்ளையளுக்குச் சொல்லி, ரெண்டு நிண்டா என்ன சொல்லுவியள் எண்டு கேட்டதாம். முந்திக் கேள்விப்படாத சொல்லுக்கே பிள்ளையள் "வக்ஸ்" எண்டிருக்குதுகள். அப்ப பிள்ளை பார்த்து ஒப்பிக்கேல்லை, விதியைப் பிடிச்சு வைச்சிருக்கு. மகள் உடன, தம்பி சின்னனில "ஃபீற்" எண்டு வரவேண்டிய இடத்தில "ஃபூற்ஸ்" எண்டு சொன்னதை எடுத்துவிட்டாள். ரீச்சர் சிரிச்சு, "அதை அப்பிடியே எக்ஸாமில எழுது, அந்தக் கேள்விக்கு 30 மார்க்" எண்டா. மகளின்ர முகத்தைப் பார்த்திட்டு எந்தத் தகப்பன் பேரம் பேசுவான்?

முழுக் காசையும் ஒரேயடியாக் கட்டினா மணித்தியாலம் 45 பவுண்ஸ், இல்லாட்டி 55. 30 மணித்தியாலத்துக்கு 1,350. "எக்ஸ்க்ளூசிவ் பாக்" எண்டு ஒரு பேப்பர்க் கட்டு 90. மொத்தம் 1,440. கார்டில கட்டினா 3 வீதம் கூட எடுப்பினமாம், அதால பாங்க் ட்ரான்ஸ்பர் செய்யச் சொல்லிச்சினம். இந்த நாட்டில தனி ஆக்களின்ர கார்டுக்கு அப்பிடி மேலதிகமா அறவிடுறது 2018 ஜனவரியில இருந்து தடை. அது அவைக்குத் தெரியாமலோ?

காசு போய்ச் சேர்ந்த கையோட அந்த ரீச்சர் மறைஞ்சிட்டா. "ஷெடியூல் சரிவரேல்லை" எண்டு வேற ஒரு பொடியன் வந்தான். கமெராவை நிப்பாட்டிப்போட்டு ஸ்லைடை வாசிக்கிறதுதான் வகுப்பு. பாரிஸைப் பற்றின கட்டுரைத் துண்டுகள், ஒரு பழைய பேய்க்கதை நாவல், அதில கதைசொல்லி ஆர் எண்டு ஆராய்ச்சி. மகள் ரெண்டாம் கிழமையே "அப்பா, இது என்ர பாடம் இல்லை" எண்டிட்டாள். அந்த 90 பவுண்ஸ் பாக்கைத் திறந்து பார்த்தா, போர்டின்ர பழைய பேப்பரை ஸ்கான் பண்ணி, மேல தங்கட லோகோவை ஒட்டி வைச்சிருக்கினம். ஒட்டினவன் அவசரக்காரன், கீழ் மூலையில 7707 எண்டு நம்பர் அப்பிடியே கிடக்கு. ஏ.கியூ.ஏ வெப்சைட்டில பழைய பேப்பரும் மார்க் ஸ்கீமும் எக்ஸாமினர் ரிப்போர்ட்டும் சும்மா எடுக்கலாம். மகள் எழுதிக் குடுத்த கட்டுரைக்கு வந்த திருத்தத்தில வேற ஆரோ ஒரு பிள்ளையின்ர பெயர்!

இதையெல்லாம் பொறுத்தாலும் கோர்ஸ்வேர்க் விசயத்தைப் பொறுக்கேலாது. மகள் அம்மம்மாவோட கதைக்கேக்க எந்த இடத்தில தமிழில இருந்து இங்கிலிஷுக்குப் பாயிறாள் எண்டு, அம்மம்மாவிட்டச் சொல்லிப்போட்டு ரெக்கோர்ட் பண்ணி, எழுதி எடுத்து வைச்சிருந்தவள். பள்ளிக்கூட ரீச்சர் நல்ல தலைப்பு எண்டு சொன்னது. இந்தப் பொடியன் சொல்லுறான், "இதுக்கு மார்க் விழாது, என்னட்டை ரெடியா ஒண்டு இருக்கு, 250 பவுண்ஸ் தந்தா 2,000 சொல்லையும் எழுதித் தாறன்." பிள்ளை இது தன்ர சொந்த வேலை எண்டு கையெழுத்து வைச்சுக் குடுக்கிற சாமான் அது. பிடிபட்டா மார்க்கை வெட்டுவினம், பாடத்தையே இல்லாமல் பண்ணவும் ஏலும். போறது அவன்ர வாழ்க்கையோ? மகள் அண்டைக்கே லாப்டொப்பை மூடிப்போட்டு எழும்பினவள்தான்.

அதுக்குப் பிறகுதான் உண்மையான அலைச்சல். தமிழ்ப் பிள்ளையைக் கேட்டா "அவ இப்ப இங்க வேலை செய்யேல்லை". மெயில் போட்டா ஒரு ரிக்கெற் நம்பர் வரும், பிறகு "உங்கள் ரிக்கெற் மூடப்பட்டது" எண்டு வரும். கடைசியா ஒரு மனேஜர் இங்கிலிஷில தேனொழுகச் சொன்னார், "நாங்கள் அறிமுகம் செய்து விடுற ஆக்கள் மட்டும்தான், ஒப்பந்தம் உங்களுக்கும் ரியூட்டருக்கும் இடையில." ரியூட்டரைக் கேட்டா "காசு கம்பனிக்குத்தானே போனது" எண்டுறான். கோர்ஸ்வேர்க் எழுதித் தர 250 பவுண்ஸ் கேட்ட விசயத்தைப் பற்றி ரெண்டு பக்கமும் மூச்சே இல்லை. நேற்று இரவு வந்த மெயில் என்னெண்டா, எடுக்காத மணித்தியாலங்கள் 90 நாளில காலாவதியாம், அதால திருப்பித் தர ஒண்டும் இல்லையாம். நடந்த வகுப்பாவது மிச்சம்தானே எண்டு ஒருத்தர் ஆறுதல் சொன்னார். வேற பாடம் படிப்பிச்ச வகுப்பு என்ன மிச்சம்? 1,440 பவுண்ஸும் போனதெண்டுதான் என்ர கணக்கு.

பாங்கில, ஏமாத்துக்காசு திருப்பிக் குடுக்கிற சட்டம் 2024 ஒக்டோபரில வந்ததுதானே எண்டு கேட்டன். "இது மோசடி இல்லை, உங்களுக்கும் வியாபாரிக்கும் இடையில உள்ள பிணக்கு" எண்டு போனை வைச்சிட்டினம்.

புத்திமதி பெரிசா எழுத இப்ப மனம் இல்லை. சுருக்கமாச் சொல்லுறன். முழுக் காசும் முன்னுக்குக் கட்டாதேங்கோ. கட்டத்தான் வேணுமெண்டா கிரெடிட் கார்டில கட்டுங்கோ. 100 பவுண்ஸுக்கு மேல, 30,000 வரைக்கும் எண்டா செக்ஷன் 75 எண்ட சட்டப் பிரிவை வைச்சு கார்ட் கம்பனியையும் பிடிக்கலாம். ட்ரயல் எடுத்த ஆள்தான் வருவா எண்டு எழுத்தில வாங்குங்கோ. ஸ்பெசிபிகேஷன் நம்பரைக் கேளுங்கோ, உடன சொல்லத் தெரியாட்டி போனை வையுங்கோ. இந்த நாட்டில ஆரும் ரியூட்டர் எண்டு போர்ட் போடலாம், பதிவு ஒண்டும் தேவையில்லை. வாட்ஸ்அப்பை அழிக்காதேங்கோ: 2015 கன்ஸியூமர் ரைட்ஸ் சட்டப்படி, வாங்க முதல் சொன்னதை நம்பி நீங்கள் வாங்கியிருந்தா அந்த வாக்கும் ஒப்பந்தத்தில சேரும். "7702 மட்டும்" எண்டு அந்தப் பிள்ளை எழுதினது இன்னும் என்ர போனில கிடக்கு. அதை வைச்சுத்தான் ஸ்மோல் கிளெய்ம்ஸுக்கு, அதாவது சின்னத் தொகை வழக்குக்கான கோர்ட்டுக்கு, போறதா யோசனை.

ஆராவது போனனீங்கள் எண்டா எப்பிடிப் போனது எண்டு கீழ எழுதுங்கோ. மகளுக்கு மே மாதம் பேப்பர் தொடங்குது. 7702 படிப்பிக்கிற ஆள் தெரிஞ்சா அதையும் சொல்லுங்கோ. ஹரோ, வெம்ப்ளிப் பக்கம் எண்டா நல்லம். காசு ஒவ்வொரு வகுப்பும் முடிஞ்ச பிறகுதான்.