எச்சரிக்கை: ரிப்போர்ட் சர்வரைப் புது வெர்ஷனுக்கு மாற்றித் தருகிறோம் என்று ₹2,85,000 வாங்கி ஏமாற்றிவிட்டார்கள்

பில், ஸ்டாக் கணக்கிலிருந்து பட்டியல்களைத் தயாரித்து அனுப்பும் பழைய ரிப்போர்ட் சர்வரைப் புதுப்பிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கும் வியாபாரிகள் யாராவது இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களிடம் ₹2,85,000 வாங்கிக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் யாருக்கு வேண்டுமானாலும் இலவசமாகத் தருகிற சோதனைப் பதிப்பைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். 180 நாள் முடிந்ததும் அது நின்றுவிட்டது. இந்த மாதிரி வேலையை எப்படித் திட்டமிட வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் எங்களுடையது. பில், ஸ்டாக், பாக்கி எல்லாம் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்.க்யூ.எல். சர்வரின் 2014 பதிப்பில் இருந்தது. அதனோடு வரும் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ்தான் தினமும் காலை 6 மணிக்குப் பாக்கிப் பட்டியலையும் ஸ்டாக் பட்டியலையும் எங்கள் ஆட்களுக்கு மெயிலில் அனுப்பும். 2014 பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலை 9-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. ஆடிட்டரும் மாற்றிவிடுங்கள் என்றார். 2022 பதிப்புக்குப் போகலாம் என்று முடிவு செய்தோம்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, சர்வர் விற்று மென்பொருளும் பராமரிக்கிற ஒரு சிறு நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். பெயர் போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்றிருக்கிறார். வந்தவர் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. முதலில் சர்வரைப் பார்த்தார். "அண்ணா, 2014-ல இருந்து ரிப்போர்ட்டிங் சர்வீசஸை அப்படியே மேலே ஏத்த முடியாதுங்க. 2017-ல இருந்து அதுக்குத் தனி இன்ஸ்டாலர். புதுசா போட்டு, பழைய ரிப்போர்ட் டேட்டாபேஸைக் கொண்டுவந்து சேர்க்கணும். என்கிரிப்ஷன் கீயையும் எடுத்து வெச்சுக்கணும், அது இல்லேன்னா சேமிச்சு வெச்ச பாஸ்வேர்டு எதையும் புது சர்வர் படிக்காதுங்க" என்றார். அத்தனையும் உண்மை. பிறகு விசாரித்ததில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. பேச்சோடு பேச்சாக, கூட்டுத்தொகை தப்பாக வந்துகொண்டிருந்த ஒரு ரிப்போர்ட்டையும் சரிசெய்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. கணக்கு பார்க்கும் என் மனைவி "தம்பி, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று இலை போட்டாள். அந்த இடத்தில்தான் நம்பினோம்.

எனக்கு இன்று வயிறு எரிவதே இதனால்தான். இது விவரம் தெரியாத ஆள் செய்த தவறு கிடையாது. எல்லாம் தெரிந்தவர், எந்தப் பதிப்பைப் போடுகிறோம், அது என்றைக்கு நிற்கும் என்று தெரிந்தே போட்டிருக்கிறார்.

ஸ்டாண்டர்டு எடிஷன் லைசன்ஸ், ஐந்து பேருக்கு யூசர் லைசன்ஸ், மாற்றிக் கொடுக்கும் கூலி, எல்லாம் சேர்த்து ₹2,85,000. "ஒரு தடவை வாங்கினா போதுங்க, ஆயுசுக்கும் உங்களுதுதான்" என்றார். முன்பணம் கொடுத்தோம், புது சர்வர் ஓடிய அன்றே மீதியையும் கொடுத்துவிட்டோம். பழைய சர்வரை எக்ஸ்சேஞ்ச் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பில்லில் "மென்பொருள் மற்றும் சேவை" என்று ஒரே வரி. லைசன்ஸ் பேப்பர் மெயிலில் வரும் என்றார்கள், வரவே இல்லை. கேட்டபோதெல்லாம் "டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட இருக்குங்கண்ணா".

நின்றது சந்தை நாளில். ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரி தொடங்கிச் செவ்வாய் முழுக்க நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். செவ்வாய் காலை 6 மணி மெயில் வரவில்லை. ரிப்போர்ட் பக்கத்தைத் திறந்தால் சோதனைக் காலம் முடிந்துவிட்டது, லைசன்ஸ் வேண்டும் என்று நிற்கிறது. டேட்டாபேஸ் சர்வரும் கிளம்பவில்லை, அதனால் பில்லும் போட முடியவில்லை. வெளியூர் பார்ட்டிகள் வரிசையாக நிற்க, கையால் பில் எழுதினோம். பாக்கிப் பட்டியல் இல்லாததால், ஏற்கெனவே பெருந்தொகை நிலுவை வைத்திருக்கும் ஒரு பார்ட்டிக்கு எங்கள் பையன் மறுபடி கடனுக்குச் சரக்கு கொடுத்துவிட்டான். அது வருமா என்பது தனிக் கவலை.

அவரைக் கூப்பிட்டால் முதலில் "விண்டோஸ் அப்டேட் பிரச்சினைங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்க". அப்புறம் "இன்ஜினியர் கோயிலுக்குப் போயிருக்காரு". அதற்கும் அப்புறம் "நீங்க ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுக்கலியே, அதான் லைசன்ஸ் புதுப்பிக்கல". ஆயுசுக்கும் என்று சொன்ன வாய்! ஆபீசில் இருந்த பெண் "சார் மீட்டிங்ல இருக்காரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வாட்ஸப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.

சென்னையில் வேலை பார்க்கும் மச்சான் மகன்தான் தூரத்திலிருந்தே பார்த்து, "மாமா, இது இவாலுவேஷன் எடிஷன், அதாவது சோதனைப் பதிப்பு, லைசன்ஸே வாங்கல" என்றான். பழைய சர்வர் கையில் இருந்தாலும் திரும்பிப் போக முடியாதாம். 2022-இல் எடுத்த பேக்கப்பை 2014 ஏற்காது. டேட்டா பத்திரமாக இருந்தது, அந்த மட்டும் பிழைத்தோம். வேறு இடத்தில் உண்மையான லைசன்ஸ் வாங்கி, அதே சர்வரை எடிஷன் மாற்றி ஓட வைத்திருக்கிறோம். ₹2,85,000 போனது போனதுதான், அதற்கு மேல் இந்தச் செலவு வேறு. வியாபாரத்துக்காக வாங்கியது என்பதால் நுகர்வோர் நீதிமன்றம் கஷ்டம் என்கிறார் வக்கீல். நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். ₹2,85,000-த்தை விடப்போவதில்லை.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். லைசன்ஸ் உங்கள் நிறுவனத்தின் பெயரில், உங்கள் மெயிலுக்கே வரட்டும். பில்லில் எந்த எடிஷன், எத்தனை யூசர் என்று தனித்தனி வரியாகக் கேளுங்கள். என்கிரிப்ஷன் கீயும் அதன் பாஸ்வேர்டும் உங்களிடம் ஒரு நகல் இருக்கட்டும். பழைய சர்வரை உடனே கொடுத்துவிடாதீர்கள். கடைசித் தவணைக்கு முன்னால், எஸ்.க்யூ.எல். சர்வரை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ என்ற மென்பொருளில் சர்வர் பெயர் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து ப்ராடக்ட் என்ற வரியைப் பாருங்கள். ரிப்போர்ட் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜரிலும் எடிஷன் என்று ஒரு வரி இருக்கும், அதையும் பாருங்கள். இவாலுவேஷன் என்றோ டெவலப்பர் (மென்பொருள் எழுதிச் சோதிப்பதற்கு மட்டுமான இலவசப் பதிப்பு) என்றோ இருந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.